கோடில்லாத மாத்திரை

புனிதனின் மோட்டார் சைக்கிள் இன்னும் பஸ்ஸுக்கு அடியில்தான் கிடந்தது.

புனிதனை மட்டும் வெளியே எடுத்துவிட்டார்கள்... வெள்ளைத் துணி போர்த்தி!

பஸ்ஸை ஓட்டிய மைக்கல்ராஜ் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தான். எஸ்டேட் ஆட்களை செண்டாயான் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகும் பஸ். பதினெட்டு வருடமாக ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. இன்று காலை, செம்பனைத் தோட்டத்து வளைவில் கண் சொக்கியது... அவ்வளவுதான்!

ஓர் உயிர் போயிற்று. இனி ஜெயில்தான்.

இன்ஸ்பெக்டர் பிரேமநாதன் எதிரே அமர்ந்தார்.

"குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்ல சார். காலையில ஒரு காஸ்ட்ரிக் மாத்திரை போட்டேன். அதான் கண்ண இழுத்துடுச்சி போல."

"நானும் அதேதான் போடுறேன், ஆறு வருஷமா. போட்டுட்டு கோலாலம்பூர் வரைக்கும் ஓட்டுறேன். சில பேருக்குத் தலை சுத்தும்னு டாக்டர் சொன்னாரு. ஆனா இப்படி அடிச்சிப் போட்ட மாதிரி தூக்கம் வராது லா. எங்க, மாத்திரைய காட்டுங்க."

மைக்கல்ராஜ் தோள்பையில் கைவிட்டான்... போன் அலறியது! இன்ஸ்பெக்டர் பேசிக்கொண்டே வெளியே போனார்.

குட்டிப் பிளாஸ்டிக் உறை. மேலே கிளினிக் எழுதிக் கொடுத்த அவன் பெயர். உள்ளே மிச்சம் இரண்டு மாத்திரைகள். எல்லாம் சரி. ஆனால்...

அவன் மாத்திரையின் நடுவே கோடு இருக்கும். இவற்றில் இல்லை!



ஃபெலிசியா!

தினமும் அவனுக்கு மாத்திரை எடுத்து வைப்பவள் அவன் மனைவிதான். தோல் அரிப்புக்கு அவளும் ஒரு வெள்ளை மாத்திரை போடுவாள். போட்டால் இடி விழுந்தாலும் எழமாட்டாள். மாற்றி வைத்துவிட்டாளா? இது தெரிந்தால் அவளையும் உள்ளே தள்ளுவார்களே... பிள்ளைகளுக்கு யார்?

ஜெயிலுக்கு ஒருவர் போதும்.

இரண்டையும் வாயில் போட்டு, மேசையில் ஆறிக் கிடந்த தேநீரை ஊற்றி விழுங்கினான்.

இன்ஸ்பெக்டர் சிரித்த முகத்தோடு திரும்பினார். பஸ் கேமராவைப் பார்த்துவிட்டார்களாம். காலையில் மைக்கல்ராஜ் தேநீர் வாங்க இறங்கியபோது அவன் தோள்பையைத் திறந்தது சுகுமாறன்! அதே கம்பெனி டிரைவர். புது பஸ்ஸை மைக்கல்ராஜுக்குக் கொடுத்ததிலிருந்து வயிறெரிந்தவன்.

"கேமராவுல அவன் கை தெரியுது, மாத்திரை தெரியல. கீழ விழுந்த பைய எடுத்து வெச்சேன்னு சாதிக்கிறான். மிச்ச மாத்திரை லேபுக்குப் போனா அவன் காலி. உங்க கேஸும் லேசாயிடும். கொடுங்க."

மைக்கல்ராஜ் வெறும் உறையை நீட்டினான். ஃபெலிசியாவுக்காகச் செய்ததைச் சொல்லி அழுதான்.

"ரத்தம் எடுங்க சார்... அதுல தெரியும்ல?"

"தெரியும். இங்க முழுங்கினதும் சேர்ந்து தெரியும். எது எப்ப போட்டதுன்னு எவன் சொல்லுவான்?"

வெளியே, விசாரணைக்கு வந்திருந்த சுகுமாறனின் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. மைக்கல்ராஜின் இமைகள் கனத்தன...

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அவன் உங்களைத்தான் தூங்க வெச்சான், மைக்கல். நீங்க கேஸையே தூங்க வெச்சிட்டீங்க லா."