குருவிகளை அழைத்த வீடு

பள்ளிவாசலில் பிற்பகல் அசர் பாங்கு ஒலிக்கத் தொடங்கியதும் மத்தோலா எப்போதும்போல ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். பாங்கு நேரத்தில் குருவிச் சத்தம் கேட்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. லபுவான் சித்துவின் கடலோரத்தில் குருவிக் குரலை ஒலிபரப்பிக் குருவிகளைக் கூடு கட்ட அழைக்கும், சன்னலே இல்லாத முப்பது கட்டடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வாயடைத்துக்கொள்ளும். காலையிலிருந்து காதை அரித்துக்கொண்டிருந்த கீச்சொலி வடிந்து, படகுகளின் மேல் அலை தட்டுவதும், காயப்போட்ட கடற்பாசியை யாரோ புரட்டும் சரசரப்பும் மெல்லத் திரும்பி வரும். அன்றும் வந்தன. ஆனால் அவன் தலைக்கு மேலே, அவனுடைய கட்டடத்துக்குள், ஏதோ ஓர் ஒலிபெருக்கி மட்டும் நிற்காமல் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஏறினான். குருவிகளுக்காக வைத்த இருட்டு. ஈரப்புகை விடும் இயந்திரம் சுவரெல்லாம் வியர்க்க வைத்திருந்தது. எச்சத்தின் காரம் மூக்கில் ஏறியது. மூன்றாம் மாடியில், கூரைப் பலகைகளுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் ஒலிபெருக்கிக்கு அடியில் போய் நின்றான். அவன் நின்றதும் கீச்சொலி மெதுவாகி, இழுபட்டு, கடைசியில் ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தமாகி அடங்கியது. ஃபோனைக் காதில் வைத்ததும், பேசத் தொடங்கும் முன் குழந்தைகள் எடுக்கும் மூச்சு.

மத்தோலாவுக்கு அந்த மூச்சு தெரியும்.

ஒன்பது வருடம் அவன் கடல் தாண்டி, மலேசியாவில் தவாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டினான். ஒரே ஒரு முறை ஊருக்கு வந்து போனான். அப்போது மகள் தென்றிக்கு நான்கு வயது. அதன்பின் அவள் அவனுக்கு ஃபோனில் வரும் குரல்தான். அவன் அனுப்பிய பணத்தில் கட்டடம் எழும்ப எழும்ப, அவள்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் சேதி சொல்வாள். "அப்பா, ரெண்டாவது மாடி போட்டுட்டாங்க. நான் ஏறிப் பாத்தேன், நம்ம பள்ளிவாசல் தெரியுது." குருவி எச்சிலால் கட்டும் கூடு தங்க விலைக்குப் போகும், அதில் அவளை மகாசார் நகரத்தில் வைத்துப் படிக்க வைக்கலாம் என்று அவன் சொல்வான். அவள் அதைக் காதில் வாங்க மாட்டாள். "அப்பா, எப்ப வர்றீங்க?" என்பாள். அவன் எப்போதும் ஒரே பதிலைச் சொல்வான்: "அடுத்த பெருநாளைக்கு."

அவளுக்கு ஒன்பது வயதானபோது, மழைக்காலத்துக் காய்ச்சல் ஒன்று ஊரில் பதினொரு குழந்தைகளைக் கொண்டுபோனது. தென்றி ஏழாவது. காலையில் போனவளை மாலைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். அவனால் வந்து சேர முடியாது என்பது சரிதான். ஆனால் அடுத்த கப்பலிலும் அவன் வரவில்லை. நாலாவது மாடி முடியட்டும் என்றான். எட்டு மாதம் கழித்து வந்தான். மனைவி ரம்லா அவனை எதுவும் கேட்கவில்லை. வந்தவனுக்குச் சோறும் மீன் குழம்பும் வைத்தாள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் ஆகியும் கட்டடத்தில் குருவி தங்கவில்லை. வரும், உச்சியில் அதற்கென்று விட்ட ஓட்டை வழியே எட்டிப் பார்க்கும், போய்விடும்.

மறுநாள் டாயெங் நாபாவை அழைத்து வந்தான். ஊரிலுள்ள பாதிக் கட்டடங்களுக்கு ஒலியமைத்துக் கொடுத்தவர், தொந்தியும் வெற்றிலை வாயுமாக எப்போதும் சிரிக்கிறவர்.

"என்னய்யா மத்தோலா, அணைச்சாலும் பாடுதா? உன் கட்டடத்துக்குத்தான்யா பாட்டுமேல ஆசை. குருவிக்குத்தான் இல்ல."

"சிரிக்காதீங்க டாயெங். உங்க ஒலியில வேற ஏதாவது சேந்திருக்கா? மனுஷக் குரல் மாதிரி?"

"குருவிக் குரலைத் தவிர ஒண்ணும் கிடையாது. குருவி ஒரு ஏமாளிய்யா. தன் சொந்தக்காரன் கூப்பிடுறான்னு நம்பி இருட்டுக்குள்ள வரும். வந்து பாத்தா ஒருத்தனும் இருக்க மாட்டான். ஆனா அதுக்குள்ள பொழுது சாஞ்சிரும், அங்கயே தங்கிரும். நம்ம பொழப்பே அதுதானே!"

சிரித்துக்கொண்டே மூன்றாம் மாடிக்கு ஏறினார். மத்தோலா காட்டிய ஒலிபெருக்கியைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினார். சிரிப்பு நின்றது.

"இதுக்கு ஒயரே இல்லையே."

"அறுந்திருச்சா?"

"அறுக்கல. நான் இதுக்கு இணைப்பே கொடுக்கல. ஒயர் பத்தலன்னு அப்பவே விட்டுட்டேன்." கையிலிருந்ததைக் காதருகே கொண்டுபோனார். எதையோ கேட்டவர்போல அசையாமல் நின்றார். பிறகு அதை மெதுவாக, தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலப் பலகை மேல் வைத்துவிட்டு இறங்கினார். ரம்லா கொண்டுவந்த காப்பியைத் தொடவில்லை. கூலியும் வாங்கவில்லை. தெருமுனைக்குப் போனபின் திரும்பி, "எனக்கும் ஒரு பேரன் இருந்தான்ல" என்றார். அவனுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

அந்த வாரத்திலிருந்து குருவிகள் வந்தன. முதலில் பத்து, இருபது. பிறகு மாலை வானத்தில் கரும்புகைபோலச் சுழன்று ஓட்டைக்குள் வடிந்தன. அண்டை வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். "மத்தோலாவுக்கு யோகம் அடிச்சிருச்சு" என்றார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். ஆனால் ஒவ்வொரு பாங்கின்போதும், ஊர் முழுக்க வாயடைத்த அந்தச் சில நிமிடங்களில், அவன் கட்டடம் மட்டும் மூச்செடுத்தது. ஒரு நாள், மூச்சுக்குப் பின்னால் குரலும் வந்தது.

"அப்பா, எப்ப வர்றீங்க?"

பழைய ஃபோனின் கரகரப்போடு. தொலைவில். அவன் வாய் தானாகத் திறந்து, "அடுத்த பெருநாளைக்கு" என்றது. சொன்னபின்தான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. கண் நிறைந்தது. பயத்தையும் அழுகையையும் பிரிக்கத் தெரியாமல், ஆம்ப்ளிஃபயரின் ஒயர்களைக் கையாலேயே பிய்த்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகுத்துறையில் கடலுக்குள் போட்டான்.

திரும்பி வந்தபோது ரம்லா கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளாகவே அவள் அங்கே உட்கார்ந்துதான் அரிசி புடைப்பதும் துணி தைப்பதும். அவன் அதைக் கவனித்ததே இல்லை.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றாள்.

"உனக்கு..." அவன் படியருகே வந்து நின்றான். "உனக்கும் கேக்குதா?"

"நோன்பு மாசத்துலேருந்து."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதான்."

"ரம்லா, அது நம்ம புள்ள இல்ல."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. இரண்டு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி மட்டும் இருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளை நீங்க எத்தனை நாள் பாத்தீங்க?"

அவன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான்.

"நாலாவது மாடி முடியட்டும்னீங்க. முடிஞ்சுது. அவ வர்றா. உள்ள வரத்தான் வழி தெரியல, அவ்வளவுதான்."

மறுநாள் மாலை, மீன் ஏலம் முடிந்து திரும்பும் வழியில், தெருவிலேயே மத்தோலா நின்றுவிட்டான். அவன் கட்டடத்துக்கு மேலே குருவிகள் சுழன்றுகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கில். உள்ளே ஒன்றுகூடப் போகவில்லை. ஓட்டை வரை இறங்கி வந்து, தீப்பட்டதுபோல் விலகிப் பறந்தன. வானம் பழுத்த பப்பாளி நிறத்தில் கிடந்தது. மஃரிப் பாங்கு எழுந்தது. கட்டடங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதியில், அவன் கட்டடத்தின் உச்சியிலிருந்து ரம்லாவின் குரல் கேட்டது.

"தென்றி... வாடி தங்கம். இங்கதான். இந்த வழிதான். வா."

பெட்டி கடலில் கிடந்தது. அதனால் அவளே அழைத்துக்கொண்டிருந்தாள்.

ஓடினான். கதவு திறந்து கிடந்தது. சட்டைப்பையிலிருந்த டார்ச்சைக் கையில் எடுத்தான்; ஏனோ பொத்தானை அழுத்தவில்லை. முதல் மாடி. இரண்டாம் மாடி. ஈரச் சுவரில் கை வழுக்கியது. மூன்றாம் மாடியில் எச்ச நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாசம் வந்தது. சவக்குளியலில் கலக்கும் கற்பூரம். நனைந்த மண். படிகளில் உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது. மேலே ரம்லா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், மாலையில் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதைப்போல, அவ்வளவு சாதாரணமாக.

நான்காம் மாடியில் கூரையருகே இருந்த ஓட்டை வழியே மட்டும் வெளிச்சம் வந்தது. இரு முழ அகலம். அதன் கீழே ரம்லா அண்ணாந்து நின்றாள்.

"ரம்லா. இறங்கு. வீட்டுக்குப் போலாம்."

"ஷ்ஷ். வர்றா."

வெளிச்சம் குறைந்தது.

ஓட்டையை ஏதோ அடைத்தது. பிறகு உள்ளே நீண்டது. கால்கள். சின்னக் கால்கள். மண் அப்பிய பாதங்கள். மேலே, கிழிந்த வெள்ளைத் துணி.

அது விழவில்லை. சுவரோடு சுவராக ஊர்ந்து கூரைப் பலகைக்குப் போனது. அங்கே, குருவி தொங்குவதுபோல், இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தைப் பலகையில் பதித்துத் தொங்கியது. அசையவில்லை. சத்தமில்லை.

ரம்லா எட்டி அதன் தலையைத் தொட்டாள். முடியை ஒதுக்கி, முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இவ இல்ல" என்றாள்.

ஓட்டை மறுபடி இருண்டது. இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. பலகைகள் நிறைந்தன. வரிசை வரிசையாக. பதினொன்றுவரை எண்ணினான். அவை அதற்குமேலும் வந்தன. இந்த ஊரில், எந்தக் காய்ச்சலில், எந்தக் கடலில், எத்தனை வருடமாகப் போனவை என்று தெரியாமல் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் அழைக்கப்பட்டவை. எல்லாம் ஊமையாகத் தொங்கின.

அவனும் தேடினான். தன்னையறியாமல் தேடினான். அப்போதுதான் அது புரிந்தது. ஒன்பது வயதில் தென்றியின் முகம் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. குரல் கேட்டால் தெரியும். அவற்றில் ஒன்றுகூடப் பேசவில்லை.

"இவனும் இல்ல." ரம்லாவின் கைகளில் மண் அப்பியிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "டார்ச் வெச்சிருக்கீங்கல்ல? இந்தப் பக்கம் காட்டுங்க. முகம் தெரியல."

அவன் விரல் பொத்தானைத் தேடியது. அழுத்தினான். வெளிச்சம் பலகையின்மேல் விழுந்தது.

ரம்லா அடுத்த முடியை ஒதுக்கினாள். அதற்கடுத்ததை. அவன் டார்ச்சை உயர்த்திப் பிடித்தபடி அவள் பின்னாலேயே நகர்ந்தான். அவர்களுக்கு மேலே ஓட்டை இருண்டு, தெளிந்து, மறுபடி இருண்டுகொண்டிருந்தது.