பரணியின் கம்ப்யூட்டரைக் கெடுத்தது யார்?

வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால். சத்துவாச்சாரி.

கணவன் போட்ட கூச்சலில் பூர்ணிமா விழித்தாள். தலைமைக் காவலரான அவள் இரவுப் பணி முடித்து வந்து படுத்தவள். பக்கத்து அறையில் ஓடும் பழைய கம்ப்யூட்டரின் விசிறி இரைச்சல் சுவரைத் தாண்டி வந்து அவளைத் தூங்கவிடாது. இன்று ஏனோ அசந்து தூங்கியிருந்தாள்.

எழுந்து போய்ப் பார்த்தாள். பரணிதரன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே நீலத் திரை. சிஸ்டம் ஃபைல்கள் கெட்டுவிட்டன, தொடங்க முடியாது என்றது அது.

“மறுபடியுமா?”

“மூணாவது வாட்டி! ஆறு மணிக்குள்ள ஆம்பூருக்கு டிசைன் போவலன்னா ரஷீத் அஹமது வேற ஆளைப் பார்த்துடுவாரு.”

பரணி வீட்டிலிருந்தே ஷூ கம்பெனிகளுக்கு டிசைன் வரைபவன். அவனுடைய மென்பொருள் அந்தப் பழைய பெட்டியில் மட்டும்தான் ஓடும்.

“எல்லாம் யாசிர் வேலை. போன மாசம் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதுசுன்னு மாட்டிட்டான். இப்பதான் போன்ல கேட்டேன். இனிமே என் வீட்டுக்கே வராதேன்னுட்டேன்.”

பூர்ணிமாவுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் யாசிர் பரணியின் பள்ளித் தோழன். அவளுடைய பிரசவத்தின்போது ஓடி வந்து ரத்தம் கொடுத்தவன்.

“டிஸ்க்கை டெஸ்ட் பண்ணானா?”

“போன வாட்டி ரிப்பேருக்கு வந்தப்ப பண்ணான். குறையே இல்லன்னான். வைரஸும் இல்லியாம். பொய்!”

“யூ.பி.எஸ்?”

“பேட்டரி உப்பிடுச்சு, கழட்டியாச்சு. நேரா சுவத்து பிளக்குதான்.”

“முன்னாடி ரெண்டு வாட்டி எப்போ?”

“போன செவ்வாய். அப்புறம் இந்தத் திங்கள்.”

“இன்னைக்கு எங்க போனீங்க?”

“பாப்பாவைக் கூட்டியார ஸ்கூலுக்கு. மெஷின் ஓடினு இருந்துச்சு. வந்து பார்த்தா ஆஃப். ஆன் பண்ணா இந்த நீலம். போன் வேற பேஜார் பண்ணுது. அந்த போர்டுல எல்லாத்துக்கும் ஒரே சுவிட்சுதான், போனையும் அதுலயே சொருகிட்டுப் போனேன், கொஞ்சம்கூட சார்ஜ் ஏறல.”

பூர்ணிமா கூடத்துக்கு வந்தாள். மாமனார் சீனிவாசன் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, கரன்ட் போச்சா?”

“போவலையேம்மா. டிவி ஓடினேதான் இருந்துச்சு.”

“யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரல. நீ ஏன் எழுந்துட்ட? அவன் கத்தினானா?”

பூர்ணிமா அவரையே பார்த்தாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

“டிஸ்க் மேல தப்பு இல்லீங்க. யாசிர் மேலயும் இல்ல. வீட்ல கரன்ட் போவல, அந்த போர்டுல மட்டும் நின்னிருக்கு. இல்லன்னா உங்க போன்ல சார்ஜ் ஏறியிருக்கும். ஓடுற மெஷினுக்குப் பட்டுனு கரன்ட் நின்னா, எழுதினு இருக்குற ஃபைல் பாதியில கெட்டுப்போவும். யாரோ சுவிட்சை அணைச்சு, நீங்க வர்றப்போ திரும்பப் போட்டிருக்காங்க.”

“யாரு?”

“செவ்வாய், திங்கள், இன்னைக்கு. மூணுமே நான் நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து படுத்த நாள். மூணு நாளும் நல்லாத் தூங்கினேன். அந்த இரைச்சல்ல எப்படித் தூக்கம் வந்துச்சுன்னு நான்தான் யோசிக்கல.” திரும்பினாள். “மாமா, நீங்கதானே?”

சீனிவாசன் எழுந்து நின்றார்.

“மாவு மில்லு மாதிரி கத்துதும்மா அது. ராவெல்லாம் முழிச்சுட்டு வர்ற பொண்ணு, கொஞ்ச நேரம் கண்ணசரட்டும்னுதான்... ஃபேனை அணைக்கிற மாதிரின்னு நெனச்சேன். அதால கெட்டுப்போவும்னு தெரியாதும்மா.”

தலைகுனிந்து நிற்கும் குற்றவாளிகளை நிறையப் பார்த்தவள் பூர்ணிமா. இவரை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பரணி போனை எடுத்தான். நாலு தடவை மணி அடித்தபின் யாசிர் எடுத்தான்.

“இன்னாடா?”

“நைனாதான்டா சுவிட்சை அணைச்சிருக்காரு. பூர்ணிமா தூங்கட்டும்னு.”

யாசிர் வெடித்துச் சிரித்தான்.

“ரிப்பேர் சிடியோட வர்றேன். மதிய சாப்பாட்டுக்கு அப்பதான் உட்கார்ந்தேன், உன்மேல இருந்த கோவத்துல எழுந்துட்டேன். வீட்ல சோறு எதுனா கீதா?”

ஐந்தரைக்குள் கெட்ட ஃபைல்கள் சரியாயின. டிசைன் ஆம்பூருக்குப் போயிற்று. பிறகுதான் யாசிர் சாப்பிட உட்கார்ந்தான். பரணியே பரிமாறினான். தட்டில் சோற்றை அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே இருந்தான்.

யாசிர் அவன் கையைத் தடுத்தான்.

“போதும்டா, மன்னிச்சுட்டேன்.”