‘கரண்ட் கட்’ குழுவின் பி பக்கம்

பாட்டு ஒன்றுதான். அதற்கு மாப்பிள்ளை குத்தாட்டம் போட்டார். மணப்பெண் தூளியில் கிடப்பவள்போல் மெல்ல அசைந்தாள். மாமனார் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூத்துக்குடியில் இப்போதெல்லாம் கல்யாண வரவேற்பு இப்படித்தான். காதுகுத்தன்று தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, திருகாணி போட்டு முடுக்கிவிடும் செவியன் என்ற காதுக் கருவி, வெளியிலிருந்து வரும் எந்த இசையையும் கேட்பவர் மனதுக்கேற்ப அந்தக் கணமே மாற்றிக் கொடுத்துவிடும். சுருதி விலகினால் சேர்க்கும். மனம் கனத்திருந்தால் வயலின் போடும். பேச்சை மட்டும் தொடாது. மேலதிகாரியின் குரலையாவது மாற்றித் தரச்சொல்லிப் போன மனுக்கள் கிடப்பில் இருந்தன.

மேடையில் வாசித்த மின்னிசைக் குழுவுக்குப் பெயர் ‘கரண்ட் கட்’. பாட்டு பொன்மலர், கீபோர்டு முத்துக்குட்டி, தாளப்பொறி ஜெரால்டு. மூவரும் பந்தியில் உட்கார்ந்தபோது செவியன் நிறுவனத்திலிருந்து தணிகைநாதன் பொன்மலரைப் போனில் அழைத்தார்.

“உங்க புதுத் தொகுப்பைப் பார்த்தேம்மா. ரீமிக்ஸும் பி பக்கப் பாட்டுமா இருக்கே? ரீமிக்ஸைத்தான் செவியனே ஆளுக்கொன்னா போடுதே, நீங்க எதுக்கு மெனக்கெடுறீங்க?”

“நாங்க போட்டது ஒன்னே ஒன்னு சார். எல்லாரும் அதை அப்படியே கேக்கணும். ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு செவியனைக் கழட்டிட்டு வரச்சொல்லப் போறோம்.”

“சொன்னீங்கன்னா செவியன்ல இருக்குற உங்க பழைய பாட்டு மொத்தத்தையும் தூக்கிருவோம்.”

பொன்மலர் ரசத்தை உறிஞ்சினாள். “தூக்கிக்கோங்க.”

முத்துக்குட்டிக்குப் புரையேறியது. “ஏட்டி, ஆறு வருசப் பாட்டு!”

“அதை எவன்ல கேட்டான்? என் குரலு எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது தெரியுமா? ஒரே ஒரு தடவ. என் தொண்டை, அவங்க காது. நடுவுல எவனும் வேண்டாம்.”

“உன் தொண்டைன்னா நான் வெளியூர் போயிருதேன்,” என்றான் ஜெரால்டு.

போகவில்லை. ‘காதைக் கழற்றிவிட்டு வரவும்’ என்ற சுவரொட்டியை ஊரெல்லாம் ஒட்டியவன் அவன்தான். பி பக்கம் என்பது அந்தக் காலத்து இசைத்தட்டின் பின்பக்கம், ஓடாது என்று தெரிந்தே பாட்டுப் போடுகிற இடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கினான். “எங்க பாட்டு எல்லாமே அந்த ரகந்தான்,” என்றும் சேர்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர்களின் பழைய பாட்டுகள் எல்லாக் காதுகளிலிருந்தும் மறைந்துவிட்டன. மிச்சம் அந்தத் தொகுப்பு மட்டும்தான். சாயங்காலம் துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் கூட்டம் சேர்ந்தது. தாய்மாமன் போட்டதைக் கழற்றலாமா என்று சிலர் மாமாவுக்கே போன் போட்டுக் கேட்டார்கள். பொன்மலர் மேடையில் நின்று முதல் ஆளாகத் திருகாணியைத் திருகினாள். பிறகு முத்துக்குட்டி, ஜெரால்டு, கூட்டம்.

பாட்டு தொடங்கியது. தாளப்பொறி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல் ஓடியது. கீபோர்டு பின்னால் நொண்டி வந்தது. பொன்மலர் இரண்டுக்கும் சம்பந்தமில்லாத சுருதியில் நின்றாள்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஒத்திகையிலும் ஒலிப்பதிவிலும் அவர்கள் காதில் செவியன் இருந்தது. ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரையும் அது திருத்தித் திருத்திக் கொடுத்திருக்கிறது. ஆறு வருடமாக அவர்கள் சேர்ந்து வாசித்ததே இல்லை. அப்படியே கேட்க வேண்டிய அந்தப் பாட்டு எங்கேயும் இருக்கவில்லை.

“என்னட்டி இது?” என்றான் ஜெரால்டு, முகம் வெளிறி.

“நாமதான்ல. நிறுத்தாத.”

கூட்டம் மொத்தமாக முகத்தைச் சுளித்தது. முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலைக்காரர், பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் “கொடுமைம்மா,” என்றார்.

“அதும் அந்த ரெண்டாவது வரியில கீச்சுன்னு...”

“அதே! அதேதான்! உங்களுக்கும் கேட்டுச்சா?”

அவர் குரலில் அப்படியொரு சந்தோஷம். மைதானம் முழுக்க ஆளுக்கு ஆள் அந்தக் கீச்சைப் பற்றியே பேசினார்கள். யாரோ அதை அப்படியே கத்திக் காட்ட, நூறு பேர் சேர்ந்து கத்தினார்கள்.

“ஒன்ஸ் மோர்!”

மூவரும் மறுபடி தொடங்கினார்கள். முதலில் செய்த தப்புகள் அவர்களுக்குத் திரும்ப வரவில்லை. வேறு தப்புகள் வந்தன.

“ஏய், மாத்தாதீங்க!” என்று கூட்டம் கொதித்தது. “முன்ன பாடுன மாதிரியே பாடுங்க! எங்க பாட்டைக் கெடுக்காதீங்க!”

“முடியாது போங்கல,” என்று மைக்கில் சொல்லிவிட்டு, பொன்மலர் இன்னும் சத்தமாகப் பாடினாள்.