ஏழாவது துளை

ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஏழாவதாக ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஆறு கட்டங்கள் ஒழுங்காகப் பூஜ்யம் காட்ட, வெறுமனே கிடக்க வேண்டிய ஏழாவது கட்டத்தில் மட்டும் பதினொன்று, பதினான்கு, பிறகு இறங்கி ஒன்பது, மறுபடி பதினான்கு. செகண்ட் எஞ்சினியர் அதைச் சாப்பாட்டில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அவருக்கு இந்தக் கப்பலில் இளக்காரம் இல்லாத பொருள் ஒன்றும் கிடையாது. கேப்டன் வெறும் டிரைவர். சீஃப் எஞ்சினியர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளவே கப்பல் ஏறிய மனிதர். தனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவன் அரைவேக்காடு. எல்லாருக்கும் அடியில், அதற்கு மேல் இறங்க இடமில்லாத படியில், அவருடைய மச்சினன் நின்றான். மனைவி மூக்கைச் சிந்திச் சிந்திக் கேட்டதால் அவள் தம்பியை எஞ்சின் அறை எடுபிடியாக, மோட்டார்மேனாகச் சேர்த்துக்கொண்டார். “அவனைப் பத்திரமாப் பாத்துக்கோங்க” என்று அவள் வாசலில் சொன்னதற்கு, “கப்பல்ல குழந்தைக் காப்பகம் இல்ல” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

எஞ்சினின் வயிற்றில், கிராங்க் தண்டு சுற்றும் இருட்டில், ஒரு பேரிங் சூடேறினால் எண்ணெய் ஆவியாகிப் பனிபோலக் கூடும். பனி தடித்தால் அது வெடிமருந்து. அதை மோப்பம் பிடிக்கத்தான் எஞ்சின் பக்கவாட்டில் ஒரு பெட்டி. சிலிண்டருக்கு ஒரு குழாயாக ஆறு மெல்லிய குழாய்கள் உள்ளிருந்து காற்றை உறிஞ்சி அதற்குக் கொடுக்கின்றன. ஏழாவது துளைக்குக் குழாயே இல்லை. சுண்டுவிரல் கனத்தில் ஒரு போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. அந்த ஏழுதான் மதியம் நங்கூரம் போடும் நேரத்தில் அலறி எஞ்சினை நிறுத்தியது.

வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. கப்பலுக்குப் பின்னால் பாறைகள். கேப்டனுக்கு எஞ்சின் உடனே வேண்டும் என்று மேலிருந்து சீஃப் போனில் சொன்னார்.

“எஞ்சின் பக்கக் கதவெல்லாம் திறந்து உள்ள தடவிப் பாத்துருங்க. ஆனா அரை மணி ஆறட்டும். ஆள் வெளிய வந்தப்புறம் சொல்லுங்க, அப்பத்தான் மேலேர்ந்து ஸ்டார்ட் பண்ணுவேன்.”

“மோப்பப் பெட்டில அழுக்கு சார். இதுக்கு எதுக்கு அரை மணி” என்றார் செகண்ட். போனை வைத்துவிட்டு, “பயந்தாங்கொள்ளி” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவரும் மச்சினனும் கீழே இறங்கினார்கள். எஞ்சின் நின்றும் அதன் சூடு நிற்கவில்லை; கம்பிப்பிடியில் கை வைத்தால் ஒட்டியது, எரிந்த எண்ணெயும் நனைந்த இரும்பும் கலந்த வாடை தொண்டையின் பின்பக்கம் போய் உட்கார்ந்தது. டர்போ காற்றை இழுக்கும் வாயில் தூசிக்காகக் கட்டிய வடிகட்டித் துணி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தது. எஞ்சின் ஓடும்போது அது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும், நின்றால் தொங்கும். இப்போது அது மெல்ல உள்ளே குழிந்தது. சற்று நின்றது. மெல்ல வெளியே உப்பியது.

“அத்தான், அதப் பாருங்க.”

“ஃபேன் காத்து. துணி ஆடினா உனக்குக் காய்ச்சல் வந்துடுமா?”

ஃபேன் அந்தப் பக்கம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் செகண்ட் முதல் கதவின் பிடியில் ஸ்பேனர் வைத்தார்.

“அரை மணி ஆகலையே அத்தான். புதுக் காத்து உள்ள போனா வெடிச்சிரும்னு போர்டுலயே எழுதியிருக்கு.”

“போர்டு எழுதினவன் எஞ்சினைத் தொட்டதே இல்ல. உங்க அக்கா வீட்டுல பொட்டலம் மாதிரி உக்காந்திருந்த பயலுக்கு இங்க வந்து சட்டம் வேற.”

கதவு திறந்தது. வெடிக்கவில்லை. செகண்டின் முகத்தில் வெற்றிக் களை வந்தது. அது முழுதாக மலர்வதற்குள், வெண்மையான பனி கதவு விளிம்பில் வழிந்து, தரைத் தகட்டில் முழங்கால் உயரத்துக்குப் பரவி, அவர்கள் கால்களைச் சுற்றி ஒரு தடவை நின்று, வந்த வழியே உள்ளே திரும்பிப் போயிற்று. ஒரு சொட்டு மிச்சமில்லை. செகண்ட் ஓரடி பின்வாங்கினார். பின்வாங்கியதன் மேல் அவருக்குக் கோபம் வந்தது, கோபத்தை மச்சினன் மேல் இறக்கி வைத்தார்.

“என்ன வேடிக்கை? ஏறு உள்ள.”

ஆறு கதவும் திறக்க வேண்டும் என்பது முறை. செகண்ட் இரண்டைத்தான் திறந்தார், முதலாவதும் ஆறாவதும். நடுச்சுவர்களில் ஆள் நுழையும் ஓட்டைகள் இருக்கின்றன; தவழ்ந்து போய், ஒவ்வொரு பேரிங்காகத் தொட்டுச் சூடு பார்த்து, அந்தப் பக்கம் வந்துவிடலாம். மச்சினன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நுழைந்தான். பிட்டம் மறைந்ததும் செகண்ட் முதல் கதவை மூடி இறுக்கினார். நேரம் மிச்சம்.

“ஒண்ணு, சூடு இல்ல அத்தான்.” இரும்புக்குள் குரல் தகரமாகக் கேட்டது. முட்டி உரசும் சத்தம், எண்ணெய் சொட்டும் சத்தம். “ரெண்டு, இல்ல.”

மூன்றில் இருக்கும்போது போன் அடித்தது. சீஃப் இல்லை, கேப்டனே. நங்கூரம் பிடிக்கவில்லை, கப்பல் பாறைப் பக்கம் நழுவுகிறது, எஞ்சின் எப்போது.

டிரைவர்ப் பயல் குரலை உயர்த்துகிறான் என்று செகண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவனிடம் போய், ‘என் மச்சினன் இன்னும் உள்ளே தவழ்கிறான், பொறுங்கள்’ என்று கெஞ்சுவதா? எஞ்சினைச் சுழலவிடாமல் பிடித்திருந்த பூட்டைக் கழற்றினார். எப்படியும் ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடுவான்.

“ரெடி கேப்டன். ஆள் வெளிய வந்தாச்சு, ஸ்டார்ட் பண்ணலாம்னு சீஃப்கிட்ட சொல்லிடுங்க.”

ஆறாவது கதவருகே போய் நின்றார். “நாலு.” “அஞ்சு.” “ஆறு, சூடு இல்ல அத்தான்.” கதவுக்கு வெகு அருகில் கேட்டது. கையை நீட்டினார். யாரும் பிடிக்கவில்லை. முட்டி உரசும் சத்தம் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

“டேய். இங்கதாண்டா கதவு.”

சத்தம் நின்றது.

“ஏழு” என்றான் மச்சினன். “இங்க சூடா இருக்கு அத்தான்.”

“ஏழாவது? ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?”

“இங்க இரும்பு இல்ல. மெத்துனு இருக்கு.”

செகண்ட் தலையை உள்ளே நீட்டினார். ஆறாவது அறை காலி. அதற்கப்பால் கடைசிச் சுவர், ஒரே தகடு, எண்ணெய் வழிந்து பளபளத்தது. ஓட்டை இல்லை. கதவு இல்லை. கையால் தடவினார். தகடு உள்ளங்கைக்கு அடியில் லேசாக உப்பியது. அடங்கியது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. எது என்று தெரியவில்லை, ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதை நிறுத்தலாம் என்று தெரிந்துவிட்டது. போன் நாலடி தூரத்தில் இருந்தது. எடுத்தால் என்ன சொல்வது? ஆள் உள்ளேதான் இருக்கிறான், பொய் சொன்னேன் என்றா? அந்த முழங்கால் தைலத்திடமா? சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவன் முகமாக அவர் கண்ணில் வந்து போயிற்று, ஒவ்வொன்றிலும் அவர் உதட்டிலேயே பழகிப்போன அந்தச் சிரிப்பு. மூன்று மூச்சு நேரம் யோசித்தார்.

எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட் காற்று சீறியது.

கிராங்க் நகர்ந்தது. திறந்த கதவிலிருந்து எண்ணெய் வாரி முகத்தில் அடித்தது. செகண்ட் வழுக்கினார், எழுந்தார், கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே கேட்கவில்லை. அவசர நிறுத்தப் பிடியைப் பிடித்து முழு உடம்போடு தொங்கினார்.

எஞ்சின் நின்றது.

அமைதி. சொட்டு. சொட்டு. போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

“டேய்” என்றார். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, “தம்பி” என்றார்.

“அத்தான்.”

குரல் கதவிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், பனியை மோப்பம் பிடிக்கும் பெட்டியிலிருந்து வந்தது. பெட்டியின் சிறு திரையில் ஆறு பூஜ்யங்கள். ஏழில் தொண்ணூறு. எழுபது. தொண்ணூறு.

ஏழாவது துளையின் போல்ட் சுற்றியது. அரைச் சுற்று. இன்னும் அரை. தரையில் விழுந்து உருண்டது.

துளையில் ஒரு விரல் நுனி வந்தது. நகத்தில் எண்ணெய்க் கறுப்பு. காற்றில் துழாவியது.

“புடிச்சுக்கோங்க அத்தான்.”

செகண்ட் பிடித்தார். சூடாக இருந்தது. உயிர் இருந்தது. அழுதுகொண்டே இழுத்தார்.

வந்தது. விரல் முழுதாக வந்தது. புறங்கை வந்தது, அதே விரல் கனத்தில். மணிக்கட்டு வந்தது, அதே கனத்தில். முழங்கை.

“இழுங்க அத்தான்” என்றது உள்ளிருந்து, வலியே இல்லாத குரலில். “இன்னும் நெறைய இருக்கு.”

அவர் விட்டுவிட நினைத்தார். அந்தக் கை அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது, மூன்று சுற்று, நான்கு சுற்று, ஈரமாக, கயிறுபோல நீண்டுகொண்டே. தோளுக்கு அடுத்துத் துளையில் முடி தெரிந்தது. பிறகு, நெடுக்காக, ஒரு கண்.