கையைக் குத்தாத கல்

ஐந்து பைகளில் இரண்டு காலியாக இருந்தன.

1936, ஆனி மாதம். தென்காசியில் விடிந்ததிலிருந்தே சாரல். ஜன்னத் தகரப்பெட்டியின் முன்னிருந்து எழவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அருமைநாயகம் நனைந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னம்மா களவு போச்சு?”

“கல்லு, ஐயா. ரெண்டு கல்லு.”

“வைரமா?”

“வெறும் பளிங்கு. காசுக்குப் பெறாது.”

“அதுக்குப் போயி போலீசைக் கூப்பிட்டிருக்கா பாருங்க,” என்றாள் பின்னால் நின்ற நாத்தனார் ஜாஹிரா பீவி. “உலையில போட்டா சோறாகுமா அது?”

“சும்மா இருங்க மைனி. ஐயா, இவுக தம்பிதான் எங்க வீட்டு அவுக. எலங்கையில, ரத்தினபுரிச் சுரங்கத்துல வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. வருசத்துக்கு ஒரு கல்லு குடுத்துவிடுவாக. உசிரோட இருக்கேன்னு சொல்லுத கல்லு.”

“யாரு கொண்டு வருவா?”

“தாவூது அண்ணன். எங்க வீட்டு அவுகளுக்குக் கூட்டாளி. கைலி யாவாரத்துக்குக் கொழும்பு போவாரு, சீசனுக்குத் திரும்பிருவாரு.”

“இப்ப ஏன் காணாமப் போகணும்?”

“குத்தாலத்துக்கு சர்க்கார் சுரங்க ஆபீசர் ஒருத்தர் வந்திருக்காராம். கல்லைப் பாத்தே எங்க வெட்டுனதுன்னு சொல்லிருவாராம். இன்னைக்குக் கொண்டுபோயிக் காட்டலாம்னு இருந்தேன். எந்தக் குழின்னு தெரிஞ்சா தனுஷ்கோடியில கப்பலேறிருவேன். ஒரு தரம் கண்ணால பாத்தாப் போதும், ஐயா.”

“தாவூதுகிட்ட கேட்டா என்ன?”

“குழி மாறிக்கிட்டே இருக்கும்னு சொல்லுதாரு.”

“கல்லைக் காட்டப் போறது யாருக்குத் தெரியும்?”

“மைனிக்கு. தாவூது அண்ணனுக்கு. நேத்து அவரு இங்கனதான் சாப்பிட்டாரு. சோறெடுக்க நாங்க ரெண்டு பேரும் உள்ள போனோம்.”

“ஏட்டி, என்னையும் சேத்தா சொல்லுத?” ஜாஹிரா சீறினாள். “நீ கப்பலேறுதத் தடுக்க எனக்குக் கல்லு களவாங்கணுமா? மயித்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துர மாட்டேன்?”

அருமைநாயகம் மிச்சமிருந்த மூன்று கற்களையும் உள்ளங்கையில் கொட்டினார். புறா முட்டை போல வழவழப்பு. பிறகு காலிப் பைகளை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டிலும் மூலை கிழிந்து தையல் போட்டிருந்தது. மற்ற மூன்றிலும் தையல் இல்லை.

“இது என்ன?”

“கடைசி ரெண்டும் துணியைக் கிழிச்சிரும், ஐயா. ஆறு பட்டை, ஊசி மாதிரி முனை. முன்ன வந்தது மூணும் அப்படி இல்ல. படுக்கும்போது கையில வச்சு மூடிக்கிட்டா பிள்ளை மாதிரித் தூங்கும். இதுக ரெண்டும் குத்தும்.” அவள் குரல் தாழ்ந்தது. “எம்மேல ஏதும் கோவமோன்னு நெனச்சுக்கிட்டேன்.”

மத்தியானம் அருமைநாயகம் குற்றாலத்தில் இருந்தார். அருவிக்குக் கீழே, சிற்றாற்றங்கரையில், சேக் தாவூது சீசன் கூட்டத்துக்குக் கைலி விரித்திருந்தான்.

“ரத்தினபுரிச் சுரங்கம் எப்படி வே இருக்கும்? மலையைக் குடைவாங்களோ?”

“இல்லைங்க ஐயா. வயக்காட்டுல கிணறு மாதிரிக் குழி. அடியில பழைய ஆத்துச் சரளை கிடக்கும். கூடையில அள்ளி அலசுவாங்க. கல்லு தங்கிரும்.”

அருமைநாயகம் குனிந்து, தண்ணீரில் கிடந்த கல்லொன்றை எடுத்தார்.

“இது ஏன் இப்படி மழுங்கிக் கிடக்கு?”

“ஆத்துல உருண்டு வந்த கல்லுக்கு முனை எப்படி…”

தாவூது அதோடு நிறுத்திக்கொண்டான். கையிலிருந்த கைலி நழுவியது.

“சொல்லும் வே. ஆத்துச் சரளையில கிடந்த பளிங்குக்கு முனை இருக்காது. முனை இருந்தா பாறையிலிருந்து நேரா உடைச்சது. செங்கோட்டைக் கணவாயில ரோட்டுக்கு வெடி வைக்காங்களே, அங்கன பெறக்கினீரா? அழகா இருக்கட்டும்னு கூர் மழுங்காததாப் பாத்து எடுத்திருக்கீரு. அதான் உம்மைக் காட்டிக் குடுத்துட்டு. பயணத்தைத் தடுக்க ஜாஹிரா எடுத்திருந்தா அஞ்சும் போயிருக்கும். ஆபீசர் கண்ணுல படக்கூடாதது அந்த ரெண்டு மட்டும்தான். அதுக்குப் பயந்தவர் நீரு ஒருத்தர்தான். ஜன்னத் புருசன் யாக்கூப் எங்க வே?”

தாவூது மடியை அவிழ்த்தான். இரண்டு பளிங்குகளும் வெயிலில்லாத அந்தப் பகலிலும் மின்னின.

“குழி சரிஞ்சு அவனை மூடிட்டு, ஐயா. மூணாவது கல்லு குடுத்துவிட்ட மறு மாசம். அடுத்த தரம் போனப்பதான் எனக்கே தெரியும். சொல்லிரணும்னுதான் வந்தேன். வாசல்ல நின்னு கையை நீட்டுனா. வெறுங்கையைக் காட்ட மனசு வரல. பெட்டியில இருக்கு, நாளைக்குத் தாரேன்னுட்டு… கணவாய்க்குப் போனேன்.”

சாயங்காலம் அருமைநாயகம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, ஜாஹிராதான் முதலில் சரிந்து உட்கார்ந்தாள். தாவூது தெருவிலேயே சாரலில் நின்றான்.

“களவுன்னு எழுதவாம்மா?”

ஜன்னத் தலையசைத்து மறுத்தாள். அவர் பெட்டியின் மேல் வைத்த ஐந்து கற்களில் வழவழப்பான மூன்றையும் பிரித்து எடுத்தாள். மற்ற இரண்டையும் பெட்டியின் மேலேயே விட்டாள்.

“ஏட்டி,” ஜாஹிரா கையை நீட்டினாள். “எனக்கு ஒண்ணு குடு.”

அந்தக் கையில் ஒரு கல்லை வைத்து, விரல்களை மூடிவிட்டாள் ஜன்னத். பிறகு அருமைநாயகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப, அவுகளுக்கு எம்மேல கோவம் ஒண்ணும் இல்லையே, ஐயா?”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இல்லம்மா. ஒருநாளும் இல்ல.”