கதவுக்குள் ஒரு விரல்

போன் அடித்தது.

ருதைனாவின் தலையில் ஏற்கெனவே ஒரு ஹெட்போன் மாட்டியிருந்தது. அம்மானில் உள்ள அந்தத் தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. அந்த நிமிடம் ஒரு வாடிக்கையாளர், இணையம் வராததற்கு அவளுடைய வம்சத்தையே பொறுப்பாக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்..."

மேஜைக்கடியில் துடித்தது அவளுடைய சொந்தப் போன். கினான். பயாதிர் பட்டறைத் தெருவில் கார் ஸ்பீக்கர் கடை வைத்திருப்பவர். காலையில் அவரிடம் காரை விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தாள்.

"தங்கச்சி... பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஆபீஸ்ல இருக்கேன் அண்ணே. முடிஞ்சுதா?"

"டிரைவர் பக்கக் கதவுல பழைய ஸ்பீக்கரைக் கழட்டினேன். அதுக்குப் பின்னாடி..."

"பின்னாடி?"

"ஒரு விரல் இருக்கு."

ருதைனா போனைக் காதோடு இன்னும் அழுத்தினாள்.

"என்ன விரல்?"

"பின்ன, மாட்டு விரலா? மனுச விரல். காஞ்சு கறுத்துப்போயிருக்கு. மோதிரம் வேற போட்டிருக்கு."

ஹெட்போனில் வாடிக்கையாளரின் குரல் சட்டென்று தணிந்தது.

"ஏம்மா... யாரோட விரல்?"

"உங்க சிரமம் எனக்குப் புரியுது சார்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள்.

அரை நாள் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று எழுதினாள். பொய்யில்லை.

அது அப்பாவின் கார். அப்பா, அபூ ஸைதூன், குற்றப் புலனாய்வில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளம் மட்டும்தான். ஃப்ரிட்ஜில் ஆலிவ் குறைந்தால் இன்றைக்கும் வாக்குமூலம் வாங்குவார். கண் பார்வை மங்கிய பிறகு காரை மகளிடம் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனையோடு.

"அதுல ஒரு திருகாணி திரும்பினாலும் மறுநாளே வித்துருவேன்."

விற்றுவிட்டால்? மறுபடி ஷேர் டாக்ஸி. முன்பின் தெரியாதவர்களின் முழங்கால்களுக்கு நடுவே வேலைக்குப் போக வேண்டும். அதுகூடப் பெரிதில்லை. நாள் முழுக்க அவள் குரல் நிறுவனத்துக்குச் சொந்தம். வீட்டுக்கு வந்தால் அப்பா கேள்விகளுக்குச் சொந்தம். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டோடு சேர்ந்து பாடும்போது மட்டும்தான் அது அவளுடையது. அந்தக் கார்தான் அவளுக்கென்று இருந்த ஒரே அறை.

அந்த அறையில்தான் அந்தக் கரகரப்பு. எந்தப் பாட்டுப் போட்டாலும் இரண்டு கதவிலும் யாரோ அப்பளம் நொறுக்குவது போல ஒரு சத்தம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். போன வாரம் அப்பாவுக்குத் தெரியாமல் கினான் கடைக்குப் போனாள்.

சுவர் நிறைய ஸ்பீக்கர்கள். கினான் ஆள் கதவு அகலம். குரல் மட்டும் பூனைக்குட்டி.

"பசங்க வந்தா நெஞ்சு அதிரணும்பாங்க. கல்யாண ஊர்வலத்துல பக்கத்துத் தெரு ஜன்னல் உடையணும்பாங்க. உனக்கு என்ன வேணும்?"

"ஒரு பொம்பளைக் குரலைப் போட்டுக் காட்டுங்க."

முதலில் மஞ்சள் கூம்பு வைத்த ஒன்றைக் கை காட்டினாள்.

"அது வேணாம். காந்தம் பெருசு. கண்ணாடிய இறக்கினா முட்டும். கோடைல வெந்துருவே."

"இது?"

"இதுக்குத் தனியா ஆம்ப்ளிஃபயர் வேணும். உன் கார் ரேடியோவோட பலத்துக்கு, நோன்பு தொறக்காத ஆள் மாதிரி முனகும்."

மூன்றாவது சாதாரணக் கறுப்பு. அதனோடு மேல்ஸ்தாயிக்கென்று ஒரு குட்டி ட்வீட்டர். கண்ணாடி மூலையில் தனியாகப் பதிக்க வேண்டும். கினான் பாட்டைப் போட்டார். ருதைனா கண்ணை மூடினாள்.

பாடகி அடுத்த அடிக்கு முன்னால் மூச்சை இழுத்தது கேட்டது.

"மூச்சு கேக்குது..." என்றாள். வேலையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, மூச்சு கேட்கக் கூடாது என்பதுதான்.

"அப்போ இதுதான் உன்னோடது" என்றார் கினான்.

இப்போது அதே கினான் கடை வாசலில் வெளிறிப்போய் நின்றார்.

பணி மேஜையில் ஒரு துணி. துணியில் அது. கறுத்து, சுருங்கி, மேலெல்லாம் கோடுகோடாக ரேகை. நடுவில் வெடித்த பிளவிலிருந்து வெளியே தெரிந்தது தங்க வளையம். அதில் ஓரம் சிதறிய பச்சைக் கல்.

ருதைனா குனிந்து கல்லைப் பார்த்தாள்.

"இது எங்கம்மா மோதிரம்."

"யா அல்லா. அப்போ உங்கம்மா..."

மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். காலையில் அம்மா ரொட்டி பிய்த்தாள். பத்து விரலும் இருந்தன.

"அம்மா விரல் இல்ல. மோதிரம் மட்டும்தான் அம்மாவோடது."

பல வருஷம் முன்னால், ஒரு பெருநாளுக்கு முந்தின நாள் காணாமல் போன மோதிரம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஒரே வெளியாள், சமையலறைக் குழாய் சரிபார்க்க வந்த ஷிஹாதா. அப்பா கட்டடம் முழுவதையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தார். மாடிப்படியில் நின்று கத்தியதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. 'எடுத்தவன் விரல் மட்டும் என் கையில மாட்டட்டும்.' அடுத்த வாரம் ஷிஹாதா ஊரிலேயே இல்லை.

அதனால்தான் திருகாணியைத் தொடக்கூடாதா பாபா?

"இன்னொரு கதவு?" என்றாள்.

"பிரிக்கல. பிரிக்க மாட்டேன். எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு."

"பிரிங்க அண்ணே. பாதி உண்மையோட நான் வீட்டுக்குப் போக முடியாது."

கினான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினார். ஸ்பீக்கரை வெளியே இழுத்தார். உள்ளே கையை விட்டார். வெளியே வந்தது ஒரு கட்டம் போட்ட கைக்குட்டை முடிச்சு. அப்பாவுடையது. ஓரத்தில் ஈரமாக, செம்பழுப்பாக ஒரு கறை.

துணிக்கு மேலேயே லேசாக அமுக்கிப் பார்த்தார் கினான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி... இது இன்னும் மெத்துன்னு இருக்கு."

பட்டறையில் பசை நாற்றமும் தார் நாற்றமும் மூச்சை அடைத்தன. முடிச்சை அவிழ்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

"போலீசுக்குச் சொல்லிரலாமா?"

"எங்க வீட்ல இருக்கறதே போலீஸ்தான்."

"அதுவும் சரி." கினான் புது ஸ்பீக்கரைக் கையில் எடுத்தார். "கேக்கறேன்னு கோச்சுக்காதே. புது ஸ்பீக்கரை மாட்டவா, வேணாமா?"

"மாட்டுங்க."

பதில் வந்த வேகம் அவளையே திடுக்கிட வைத்தது. அப்பா ஒரு கொலைகாரராக இருக்கலாம். ஆனாலும் அவளுக்கு அந்த மூச்சு கேட்க வேண்டும். நான் எப்படிப்பட்ட பெண்? யோசித்துப் பார்த்தாள். பதில் பிடிக்கவில்லை. கேள்வியை மாற்றினாள்.

"கண்ணாடி இறங்குமா?"

"இறங்கும்."

பயம் கினானின் வாயைத்தான் கட்டியிருந்தது, கையை இல்லை. கதவின் தகரத்தில் அதிர்வை அடக்கும் தார் விரிப்பை ஒட்டி உருளையால் அழுத்தினார். துளைக்கு ஏற்ற வளையம் வைத்து, சுற்றிலும் ஸ்பாஞ்சு ஒட்டி, இரண்டு பக்கமும் கூட்டல் கழித்தல் மாறாமல் வயரைச் சேர்த்தார். திருகாணிகளை எதிரெதிராக முடுக்கினார். கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டினார்.

"கதவு இப்போ பெட்டி மாதிரி. கரகரப்பு வராது. அந்த ரெண்டும் இந்த ஸ்பீக்கர் டப்பால இருக்கு. தயவு செஞ்சு நீயே எடுத்துட்டுப் போ."

பக்கத்து இருக்கையில் டப்பா. மேட்டுச் சாலையில் கார் ஏறியது. பாட்டைப் போட்டாள். கதவின் அடியிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு தாளம் எழுந்து தொடையைத் தொட்டது. பாடகி மூச்சு இழுத்தாள். ருதைனாவும் இழுத்தாள். அழுகை வந்தது. அழுகை கூட எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று தோன்றியதும் வெட்கமாகிவிட்டது.

வீட்டில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஏலக்காய் மணக்கக் காப்பி கொண்டு வந்தாள். மகளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.

ருதைனா அதை வாங்கினாள். உதட்டில் வைக்கவில்லை. மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

அப்பா தொலைக்காட்சியை அணைத்தார்.

கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை கோப்பையைத் தொடாமல் வைப்பது, பெண் கேட்டு வருகிறவர்கள் செய்வது. கொலைப்பழிக்குச் சமரசம் பேச வருகிறவர்களும் அதையேதான் செய்வார்கள். காப்பி ஆறிப்போனால் மானம் போவது வீட்டுக்காரருக்குத்தான், விருந்தாளிக்கு இல்லை.

"நம்ம வீட்லயே விருந்தாளியா நீ?" என்றார் அப்பா. முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "ஓ... புரிஞ்சுது. வாயால சொல்ல வெக்கம். யாரும்மா பையன்?"

"காப்பி ஆறுது பாபா."

"எந்தக் குடும்பம்? அதையாவது சொல்லு."

"ஆறுது."

"குடி, குடி. நீ கேட்டதைக் குடுத்தாச்சு." அம்மா பக்கம் திரும்பினார். "உம்மு ஸைதூன், நீதான் சாட்சி. அல்லா மேல ஆணை."

ருதைனா ஒரே மடக்கில் குடித்தாள்.

"கார் என் பேருக்கு வேணும். அதுல நான் மாத்தினது மாத்தினதாவே இருக்கும். விக்கக் கூடாது."

"பையன்?"

"பையன் இல்ல. இதுதான் இருக்கு."

டப்பாவைத் திறந்து விரலை மேஜையில் வைத்தாள்.

அப்பா குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். முகம் சாம்பலானது.

"ஸ்பீக்கரைக் கழட்டினியா?"

"ஷிஹாதாவை என்ன பண்ணீங்க பாபா?"

"எந்த ஷிஹாதா?"

"பிளம்பர்."

"அவனா? குவைத்துல ஹோட்டல் வெச்சிருக்கான். பெருநாளைக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவானே."

"அப்போ இது யார் விரல்?"

அப்பாவின் கண் அம்மா பக்கம் போனது. போன வேகத்தில் திரும்பியது. குற்றவாளிகளின் கண் எப்படி நகரும் என்று அவர்தான் சின்ன வயதில் ருதைனாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அம்மா அதை எடுத்தாள். மேஜையில் தட்டினாள். டொக். மூக்கருகே கொண்டு போனாள்.

"என்னோடது."

"அம்மா..."

"நான் செஞ்சதுடி. பெருநாள் பலகாரம். ரவையப் பெசஞ்சு, விரல் மாதிரி சல்லடைல உருட்டி, பொரிச்சுப் பாகுல போட்டது. இந்தக் கோடு சல்லடைக் கோடு. இதைப் போய் ரேகைன்னு நெனச்சியா?"

கீழே தெருவில் கேஸ் சிலிண்டர் விற்கும் வண்டி தன் பியானோ மெட்டைப் பாடிக்கொண்டு போனது.

அப்பா பச்சைக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"மோதிரம் இதுக்குள்ளயா இருந்துது?"

"மாவு பெசையும்போது கழண்டு விழுந்துது."

"உனக்கு... தெரியுமா?"

"பொரிச்சு முடிச்சப்பறம் கையப் பாத்தேன். தட்டுல இருந்ததை எல்லாம் ஒண்ணொண்ணா ஒடச்சேன். எதுலயும் இல்ல. ஆனா தட்டோட ஓரத்துல ஒண்ணு குறைஞ்சிருந்துது. இந்த வீட்ல பலகாரம் திருடறது யாருன்னு கண்டுபிடிக்க போலீசா வேணும்? கடிப்பாரு, பல்லு போவும், கத்துவாருன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க கத்தல. கட்டடத்தைக் கூட்டி விசாரிச்சீங்க."

"அன்னைக்கு சாயந்திரமே டாக்டர் சக்கரை வியாதின்னுட்டார். தின்ன பயமா இருந்துது. தூக்கிப் போட மனசு வரல, கதவுக்குள்ள ஒளிச்சிட்டேன். அப்பறம் கண்ணு போச்சு. அந்த சீட்ல இவ உக்காந்துட்டா." அப்பா நிமிர்ந்தார். "சரி, நீ ஏன் அப்பவே சொல்லல?"

அம்மா கையை நீட்டினாள். விரலில் பெரிய பச்சைக் கல் மின்னியது.

"கேசைக் கண்டுபிடிக்க முடியாத அவமானத்துல இதை வாங்கிட்டு வந்தீங்களே. பழசைவிட ரெண்டு மடங்கு. கேசை மூடிட்டேன்."

ருதைனாவுக்குச் சிரிப்பு பொங்கியது. அப்பாவைக் கொலைகாரர் என்று நினைத்த மதியம் முழுவதும் அந்தச் சிரிப்பில் கரைந்தது. அதே வேகத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது.

"பாபா... அப்போ இது?"

கைக்குட்டை முடிச்சை எடுத்து வைத்தாள். அப்பா எழுந்துகொள்ளப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றாள் அம்மா.

முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே மூன்று ரவை விரல்கள். புத்தம் புதுசு. பாகு ஒழுகியது. அம்மா சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது என் கை இல்ல."

"உம்மு ஸைதூன், கேளு..."

"எத்தனை நாளா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்தான். தொழுகை முடிஞ்சு. இவ ரொட்டி வாங்க இறங்கற நேரத்துல..."

ருதைனா அவருடைய சாவிக்கொத்தைப் பார்த்தாள். அதில் எப்போதும் தொங்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர். ஒரு கதவில் அன்றைக்கு, மறு கதவில் வாரா வாரம் கழற்றி, அவசரத்தில் பாதி முடுக்கி... அந்தக் கரகரப்பு.

"பாபா, நான் ஸ்பீக்கர் மாத்தினதே அந்தச் சத்தத்தாலதான். காட்டிக் குடுத்தது உங்க ஸ்க்ரூடிரைவர்தான்."

அம்மாவின் காதில் அது விழவில்லை.

"மோதிரத்தைத் திருடினீங்க, மன்னிச்சேன். சக்கரை வியாதியை மறந்தீங்க, அதுக்குத் தனியா இருக்கு. ஆனா கடைப் பலகாரம்? ரோசாத் தண்ணி ஊத்தினது? என்னை வீட்ல வெச்சுக்கிட்டு?"

அப்பாவுக்குத் தன் வாழ்நாளில் வாங்கிய வாக்குமூலங்கள் எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. வெள்ளிக்கிழமை அமலுக்கு வந்தது.

காரில் இனிமேல் முன் இருக்கை அம்மாவுக்கு. அப்பா பின்னால்.

பள்ளிவாசலில் இருந்து அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அம்மா தானாகவே சத்தத்தைக் கூட்டினாள். பாடகி மூச்சு இழுத்தாள். ருதைனாவுக்கு வாய் தானாகத் திறந்தது. பக்கத்தில் ஆள் இருப்பது பாதி வழியில்தான் உறைத்தது. நிறுத்தப் பார்த்தாள்.

"பாடு" என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. "நல்லாத்தான் இருக்கு."

பாடினாள்.

பாட்டு முடிந்தது. பின் இருக்கையில் அப்பா தன் பக்கத்துக் கதவை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறுமை எதிரொலித்தது.

"ருதைனா... இங்க பின்னாடி ஒண்ணுமே சரியா கேக்கலம்மா. இந்தக் கதவுலயும் ரெண்டு ஸ்பீக்கர் போட்டுட்டா என்ன?"