இதமி நனைந்த நாள்

சுகவனம் இதமியின் மேல் தேநீரைக் கொட்டிவிட்டான். சர்க்கரை போடாத தேநீர்தான், அதனால் அவனுக்குப் பெரிய நஷ்டமில்லை. இதமிதான் பாவம். "தங்கள் மரபின்மேல் எங்களுக்குள்ள..." என்று முனகிவிட்டு அணைந்துபோனது.

கோவை மூலிகை மதிப்பீட்டகத்தில் இதமி என்ற இந்தப் பேசும் பெட்டி இல்லாமல் யாரும் வாய் திறப்பதில்லை. மலைமக்களின் அறிவைத் திருடிப் பிழைத்த காலத்துக்குப் பரிகாரமாக வந்த சட்டம் அது. அவர்கள் தந்த செடியைப் பற்றி முகத்தில் அடித்தாற்போல் எதையும் சொல்லக்கூடாது. சுகவனம் "பயனில்லை" என்று எழுதுவான். இதமி அதையே "நம்பிக்கையளிக்கிறது, ஆய்வு தொடர்கிறது" என்று குழைந்து சொல்லும். குழைவதில் சுகவனமும் சளைத்தவனில்லை. சம்பளம்தான் இதமிக்கில்லை.

மேசைக்கு எதிரே மருதி உட்கார்ந்திருந்தாள். ஆனைகட்டிக்கு மேலிருந்து வந்திருந்த இருளர் பெண். அவர்கள் ஊர்க் கல்லேறிக் கொடியின் சாற்றை நீரிழிவு உடல்நகல்கள் அத்தனையிலும் செலுத்திப் பார்த்தாகிவிட்டது. கணினிக்குள் வாழும் அந்த உடம்புகள் ஒன்றில்கூடச் சர்க்கரை அசையவில்லை.

சுகவனம் எழுந்தான், உட்கார்ந்தான், இதமியைத் தலைகீழாக உதறினான்.

"பொட்டி பேசலீன்னா என்னங்க சார், நீங்க பேசுங்க."

"அது வந்துங்க... நல்ல கொடி. பச்சையா இருக்கு."

"கொடி பச்சையாத்தான் இருக்கும். என் தம்பி நஞ்சன் இன்சுலின் ஊசியை நிறுத்திட்டான். நீங்க நம்பிக்கைன்னு சொன்னீங்கன்னு இதைத்தான் அரைச்சுக் குடிக்கிறான். இப்பக் கால்விரல் கறுக்குது. ஆகுமா, ஆகாதா?"

வேலை போகும் என்று நினைத்தான். கைக்குட்டையால் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"ஆகாதுங்க. இம்மிகூடக் குறையாது. இன்னிக்கே ஊசியை ஆரம்பிக்கணும். விரலை உடனே டாக்டர்கிட்டக் காட்டணும்."

மருதி அங்கேயே கைப்பேசியை எடுத்தாள். "நஞ்சா, அதைக் கொட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் நேரா அங்க வந்துடறேன்."

அவள் எழுந்தாள். சுகவனத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தலைமுறை தலைமுறையா சர்க்கரைக்குக் குடுத்த மருந்து. நான் பட்டுன்னு இப்படிச் சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மலையில இதக் குடிச்சு யாருக்காவது குறைஞ்சிருக்கா?"

மருதி ஒருமுறை இதமியைப் பார்த்துக்கொண்டாள், மறுபடி உயிர் வந்துவிடுமோ என்பதுபோல.

"நாங்க யாருக்கும் குடுத்ததே இல்லைங்க சார். வெட்டுக்காயத்துக்கு வெச்சுக் கட்டுற தழை அது. உங்காளுங்கதான் சர்க்கரைக்கு ஆகுமா, ஆகுமான்னு கேட்டாங்க. அவ்வளவு தூரம் ஏறி வந்தவங்களை இல்லைன்னு அனுப்ப எங்கப்பனுக்கு மனசு வரலை, ஆகும்னு சொல்லிட்டாரு. அப்புறம் படிச்ச நீங்களே நம்பிக்கைன்னீங்க. நாங்களும் நம்பிட்டோம்."